புலிக்குப் பிறந்தது: போர்த்துறவிகளின் சக்தி ரத்தத்தில் வர வேண்டுமா?

போர்த்துறவிகளின் மடம் ஒன்றைக் கற்பனையில் கட்டுவது சுலபம். மலை உச்சி, மொட்டைத் தலைகள், தடி, விடியற்காலைப் பயிற்சி, கோபமே வராத ஒரு கிழவர் என்று அரை மணி நேரத்தில் எழுதிவிடலாம். பிறகு அவர்களுக்கு ஒரு விசேஷ சக்தியைக் கொடுப்போம்: தொடாமல் கல்லைத் தூக்குவது, விழப்போகும் அடியை முன்பே உணர்வது, அடுத்தவர் மனதுக்குள் எட்டிப் பார்ப்பது. கொடுத்த மறுகணமே கேள்வி வந்து நிற்கும். இது இவர்களுக்கு எப்படி வந்தது? இவர்களில் ஒருவருக்குப் பிள்ளை பிறந்தால் அதற்கும் வருமா?

புலிக்குப் பிறந்தது பூனையாகுமா என்று கேட்டுவிட்டு, நம்மில் பலர் யோசிக்காமல் 'வரும்' என்று எழுதிவிடுகிறோம். வாசகருக்கும் அது சட்டென்று பிடிபடும். ஆனால் துறவிகள் விஷயத்தில் இந்தப் பதிலில் ஓர் ஓட்டை இருக்கிறது. துறவிக்குக் குடும்பம் கிடையாது. குடும்பமே இல்லாதவர்களின் சக்தி எந்த வாரிசு வழியாகத் தொடரும்? சக்தி பரம்பரையா என்ற முடிவும், மடத்தில் கல்யாணம் உண்டா என்ற முடிவும் தனித்தனி அல்ல. ஒன்றைத் தொட்டால் மற்றது அசையும். ஃபேன்டஸி நாவலோ, காமிக்ஸோ, கணினி விளையாட்டோ எழுதத் தொடங்கும் ஒருவர் இரண்டையும் சேர்த்தே முடிவு செய்தாக வேண்டும் என்பதுதான் என் கட்சி.

கையில் இருக்கும் வழிகள் நான்கு. சக்தி ரத்தத்தில் வரலாம். எந்தக் கணக்கும் இல்லாமல் யாருக்கு வேண்டுமானாலும் பிறவியிலேயே அமையலாம். பயிற்சியால் மட்டும் வரலாம். அல்லது ஒருவர் இன்னொருவருக்குக் கைமாற்றிக் கொடுக்கலாம். நான்கிலும் நல்ல கதைகள் உண்டு. அவற்றில் எழும் சண்டைகள்தான் வேறு வேறு.

ஜெடாய்களின் இழுபறி

ஸ்டார் வார்ஸ் படங்களில் வரும் ஜெடாய்கள் என்ற போர்த்துறவிகளைத் தொடாமல் இதைப் பேச முடியாது. இந்த வழிகளில் பெரும்பாலானவற்றை ஒரே தொடரில் முயன்று பார்த்தவர்கள் அவர்கள்தான். 1977இல் வந்த முதல் படத்தில் ஃபோர்ஸ் என்பது எல்லா உயிர்களையும் பிணைக்கும் ஓர் ஆற்றல். கிழவர் சொல்லிக் கொடுக்கிறார், லூக் என்ற பையன் கற்றுக்கொள்கிறான். பையனின் அப்பாவும் ஜெடாயாக இருந்தவர் என்பது ஒரு தகவலாக மட்டும் வந்து போகும். 1983இல் வந்த படத்தில், இது நம் குடும்பத்திலேயே ஊறியது, உன்னிடமும் இருக்கிறது என்று லூக் தன் இரட்டைச் சகோதரி லெயாவிடம் சொல்கிறான். சாதனை குடும்பச் சொத்தாகிவிட்டது.

1999இல் வந்த படத்தில் அதற்கு ஓர் அளவுகோலும் வந்தது. பின்னாளில் லூக்கின் அப்பாவாகப்போகும் ஒன்பது வயது அனகினின் கையில் ஒரு சிராய்ப்பு. காயத்தைத் துடைக்கிற சாக்கில் குய்-கான் என்ற ஜெடாய் ஒரு துளி ரத்தத்தை எடுத்து, அதன் விவரத்தைக் கப்பலில் இருக்கும் சீடனுக்கு அனுப்புகிறார். உயிரணுக்களுக்குள் வாழும் மிடி-க்ளோரியன் என்ற நுண்ணுயிர்களின் எண்ணிக்கை 20,000க்கு மேல் என்று பதில் வருகிறது. மூத்த குரு யோடாவுக்கே அவ்வளவு இல்லையாம். 2002இல் வந்த படத்திலோ ஜெடாய்களுக்குப் பற்று கூடாது, கல்யாணம் கூடாது என்ற விதி கதையின் நடுவில் வந்து உட்கார்ந்துகொண்டது. அனகின் ரகசியமாகக் கல்யாணம் செய்கிறான். அந்தக் கல்யாணத்தில் பிறந்தவர்கள்தான் லூக்கும் லெயாவும்.

2017இல் வந்த படத்தில் நாயகி ரேயின் பெற்றோர் பெயர் சொல்லத் தகாத சாதாரண மனிதர்கள் என்று சொல்லப்பட்டது. படத்தின் கடைசியில் குதிரைலாயத்து வேலைக்காரச் சிறுவன் ஒருவன் கையை நீட்ட, துடைப்பம் தானாக வந்து சேர்கிறது. இரண்டு ஆண்டு கழித்து, 2019இல், ரே வில்லன் பேரரசர் பால்பட்டீனின் பேத்தி என்று திருப்பிவிட்டார்கள். இரண்டு முடிவையும் ஆதரித்து ரசிகர்கள் அடித்துக்கொண்டதற்குக் காரணம் ரே மட்டுமல்ல. இந்த மடத்தின் கதவு யாருக்குத் திறக்கும் என்பதைத்தான் அவர்கள் விவாதித்தார்கள்.

மிடி-க்ளோரியன் பற்றி இடையில் ஒன்று. இவற்றைப் பார்த்தால் நம் உயிரணுக்களில் இருக்கும் மைட்டோகாண்ட்ரியா நினைவுக்கு வரும். மைட்டோகாண்ட்ரியா மனிதர்களுக்கு அம்மாவிடமிருந்து மட்டுமே வருகிறது, அப்பாவிடமிருந்து வருவதில்லை. அந்த ஒப்புமையை நேராகப் பிடித்தால் லூக்குக்கு அனகினிடமிருந்து ஒன்றுமே வந்திருக்கக் கூடாது. ஜெடாய் வாசனையே இல்லாத அம்மா பத்மேயிடமிருந்துதான் வந்திருக்க வேண்டும். கதைக்குள் அறிவியலைக் கொண்டுவந்தால் இப்படிக் குறுக்குக் கேள்வி கேட்க ஆள் வந்துவிடுவார்கள்.

ரத்தம் என்றால் கணக்கு போட்டாக வேண்டும்

ரத்தத்தில் வருகிறது, துறவிகள் கல்யாணம் செய்யக் கூடாது, மடம் பல நூற்றாண்டுகளாக நடக்கிறது. மூன்றையும் ஒன்றாக வைக்க முடியுமா? பாரம்பரிய விதிகளை முதலில் கண்டவரே ஒரு துறவிதான். ப்ரூன் நகரத்து மடத்தில் பட்டாணிச் செடிகளை வளர்த்த கிரெகர் மெண்டல், தன் முடிவுகளை 1865இல் வாசித்தார், 1866இல் அச்சில் வந்தன. பிள்ளை இல்லாத ஒருவர்தான் பிள்ளைகளுக்கு என்ன போய்ச் சேருகிறது என்பதை உலகுக்குச் சொன்னார். அவர் கணக்கையே நம் மடத்துக்குப் போட்டுப் பார்க்கலாம்.

முதலில் எளிய விதி. ஒரே ஒரு மரபணு, அப்பா அம்மாவில் யாராவது ஒருவரிடமிருந்து வந்தாலே சக்தி வெளிப்படும் என்று வைத்துக்கொள்வோம். மடம் திறமையாகத் தேடி, சக்தியுள்ள குழந்தைகள் அத்தனை பேரையும் அழைத்துவந்து துறவியாக்கிவிடுகிறது. அந்தத் தலைமுறை சாகும்போது சக்தியும் சுடுகாட்டுக்குப் போய்விடும். சேர்க்க ஆள் இல்லை. ஒரே தலைமுறையில் மடத்துக்குப் பூட்டு.

இரு பக்கமிருந்தும் வந்தால்தான் வெளிப்படும் என்பது அடுத்த விதி. ஒரு பக்கம் மட்டும் வாங்கியவர்கள் சாதாரண ஆட்களாகவே வாழ்வார்கள், ஆனால் பிள்ளைகளுக்குக் கடத்துவார்கள். 10,000 பேரில் ஒருவருக்குச் சக்தி என்று தொடங்குவோம். அப்படியானால் அந்த மரபணுவின் பங்கு 100இல் ஒன்று. ஏறக்குறைய 50 பேரில் ஒருவர் தனக்கே தெரியாமல் அதைச் சுமந்துகொண்டு திரிகிறார். மடம் தலைமுறைதோறும் சக்தியுள்ள எல்லோரையும் துறவியாக்கினாலும் இந்த மறைமுகச் சுமப்பவர்கள் கைக்குச் சிக்க மாட்டார்கள். மரபியல் பாடத்தில் இதற்கான கணக்கு எளிது: அந்த 100இல் ஒன்றின் அடியில் உள்ள நூறோடு, கடந்த தலைமுறைகளின் எண்ணிக்கையைக் கூட்டிக்கொண்டே போக வேண்டும். நூறு தலைமுறை கழித்து 200இல் ஒன்று, அதாவது 40,000 பேரில் ஒருவருக்குச் சக்தி. தலைமுறைக்கு 25 ஆண்டு என்றால் இதற்கு 2,500 ஆண்டுகள் ஆகும். ஆயிரம் தலைமுறை கழித்து 1,100இல் ஒன்று, அதாவது சுமார் 12 லட்சம் பேரில் ஒருவர்.

இந்த எண்கள் எனக்குப் பிடித்ததற்குக் காரணம், இவற்றுக்குள் ஒரு கதை தயாராக இருக்கிறது. மடத்தின் சேர்க்கைப் பதிவேடுகளைப் பார்த்துக்கொள்ளும் ஒரு சின்னத் துறவியை நினைத்துப் பாருங்கள். பூச்சி அரித்த பழைய ஏட்டில் ஆண்டுக்கு நாற்பது பெயர்கள். நடு அலமாரியில் இருபது. அவனே எழுதிய கடைசி ஏட்டில் பத்துப் பெயருக்குக் கீழே பக்கம் காலியாகக் கிடக்கிறது. தேடுதலில் குறை இல்லை, மக்கள்தொகையும் குறையவில்லை. மூத்தவர்கள் 'காலம் கெட்டுவிட்டது, மக்களிடம் பக்தி இல்லை' என்கிறார்கள். அவனுக்கு மட்டும் தெரிகிறது: மடம் தான் எடுத்த விரதத்தாலேயே தன் ஊற்றைத் தூர்த்துக்கொண்டிருக்கிறது. இதை யாரிடம் சொல்வான்? சொன்னால் விரதத்தை விடுவார்களா, அவனை விடுவார்களா? வெளியிலிருந்து எந்த எதிரியும் தேவைப்படாத கதை இது.

இன்னொரு சாத்தியம், பல சிறு காரணங்கள் சேர்ந்து சக்தி அமைவது. உயரம் அப்படித்தான் அமைகிறது: நூற்றுக்கணக்கான மரபணுக்கள் ஆளுக்குக் கொஞ்சம் கைகொடுக்கின்றன. இதில் ஒரு விசேஷம் உண்டு. மிக உயரமான பெற்றோரின் பிள்ளைகள் ஊர் சராசரியைவிட உயரமாக இருப்பார்கள், ஆனால் பெரும்பாலும் பெற்றோர் அளவுக்கு இருக்க மாட்டார்கள். பிரான்சிஸ் கால்டன் 1886இல் இதை எழுதினார். மாபெரும் குருவின் மகன் நல்ல வீரன்தான், ஆனால் அப்பா அளவுக்கு இல்லை என்ற பழைய சோகத்துக்கு இதைவிடப் பொருத்தமான இயந்திரம் கிடைக்காது. யாரும் சாபம் போட வேண்டாம், யாரும் சோம்பேறியாக இருக்க வேண்டாம். பையன் உயிரைக் கொடுத்துப் பயிற்சி செய்தும் அந்த மேட்டை ஏற முடியாது.

குறையும் பரம்பரையாக வரலாம் என்பதைப் பலர் மறந்துவிடுகிறார்கள். ஸ்டார் வார்ஸ் நாவல்களில் கோரன் ஹார்ன் என்றொரு ஜெடாய் உண்டு. மற்ற ஜெடாய்கள் விளையாட்டாகச் செய்யும் பொருள் நகர்த்தல் அவன் வம்சத்துக்கே வராது. பதிலுக்கு, தன்மேல் பாயும் ஆற்றலை உறிஞ்சிக்கொள்ளும் திறமை அந்த வம்சத்துக்கு உண்டு. 'சக்தி கூடியவன், குறைந்தவன்' என்று வரிசை கட்டுவதைவிட இது நூறு மடங்கு மேல்.

கல்யாணத்தை அனுமதித்தால்?

ரத்தமும் வேண்டும், மடமும் நீடிக்க வேண்டும் என்றால் நேர் வழி துறவிகளுக்குக் கல்யாணத்தை அனுமதிப்பது. இதற்கு வரலாற்றில் அசலான உதாரணம் ஜப்பானில் இருக்கிறது. ஷின்ரன் (1173–1263) என்ற பௌத்தத் துறவி வெளிப்படையாகக் கல்யாணம் செய்துகொண்டார். அவர் வழிவந்த ஹொங்கான்ஜி மடத்தின் தலைமை அவருடைய சந்ததியிலேயே தொடர்ந்தது. எட்டாம் தலைவர் ரென்யோவுக்கு 27 பிள்ளைகள். ஊருக்கு ஒரு கோயில், கோயிலுக்கு ஒரு மகனோ மருமகனோ என்று வலை பின்னினார். அந்த வலையின் பலத்தில்தான் ஒசாகாவிலிருந்த இஷியாமா ஹொங்கான்ஜி, போர்த்தலைவர் ஓடா நொபுனாகாவின் படைகளை 1570 முதல் 1580 வரை எதிர்த்து நின்றது.

அப்புறம் நடந்ததைக் கதாசிரியர்கள் கவனிக்க வேண்டும். தலைவர் கென்யோ சமாதானத்துக்கு ஒத்துக்கொண்டு கோட்டையைக் காலி செய்தார். மூத்த மகன் க்யோன்யோ சண்டையைத் தொடர்வேன் என்று பிடிவாதம் பிடித்தான். முடிவில் தலைமை இளையவன் ஜுன்யோவுக்குப் போனது. 1602இல் மூத்தவனுக்குத் தனி மடம் கிடைத்து, மேற்கு, கிழக்கு என்று ஹொங்கான்ஜி இரண்டாகப் பிளந்தது. இன்றும் கியோட்டோவில் இரண்டும் இருக்கின்றன. மடத்துக்குள் ரத்தம் வந்தால் பாகப்பிரிவினையும் பின்னாலேயே வரும். சக்தியும் ரத்தத்தில் வருவதாக இருந்தால் அந்தப் பிரிவினை இன்னும் பயங்கரமாகும்: பட்டம் ஒரு மகனுக்கு, சக்தி இன்னொருவனுக்கு.

எதிர்த்திசையில் போனவர்கள் எகிப்தின் மம்லூக்குகள். அவர்கள் துறவிகள் அல்ல, அடிமைகளாக வாங்கிவரப்பட்டுப் போர்வீரர்களாக வளர்க்கப்பட்டவர்கள். 1250 முதல் 1517 வரை நாட்டையே ஆண்டார்கள். வெளியூரிலிருந்து சிறுவனாக வந்து, பாசறையில் வளர்ந்து, விடுதலை பெற்றவன்தான் மம்லூக். அவனுக்குப் பிறந்த மகன் சுதந்திரனாகப் பிறந்ததாலேயே அப்பாவின் இடத்துக்குக் கொள்கையளவில் தகுதியற்றவன். பிள்ளை உண்டு, ஆனால் வாரிசு இல்லை என்ற இந்த ஏற்பாடு எனக்குத் துறவைவிடக் கொடூரமாகப் படுகிறது, அதனாலேயே கதைக்கு உகந்ததாகவும். அந்த விதி முதலில் ஆட்டம் கண்டது உச்சியில்தான். சுல்தான் கலாவூனின் குடும்பம் ஏறக்குறைய ஒரு நூற்றாண்டு அரியணையை விடவில்லை. துருக்கியின் ஜானிசரிப் படையிலும் இதே கதை: ஆரம்பத்தில் கல்யாணம் கூடாது, பிறகு கூடும், பிறகு மகன்களையும் சேர்க்கலாம். 1826இல் சுல்தானே பீரங்கி வைத்து அந்தப் படையை ஒழித்தபோது அது பழைய படையின் நிழலாகக்கூட இல்லை.

மாமன்–மருமகன் என்ற மூன்றாம் கதவு

கல்யாணத்தைத் தடை செய்தபடியே ரத்தத்தைத் தொடர ஒரு வழி இருக்கிறது, நம் எழுத்தாளர்கள் இதை அதிகம் தொட்டதாகத் தெரியவில்லை. துறவிக்குப் பிள்ளை இல்லை, சரி. அவருக்குத் தம்பி இருக்கலாம், தங்கை இருக்கலாம். திபெத்தின் சாக்ய மடம் 1073இல் கோன் குடும்பத்தவர் ஒருவரால் தொடங்கப்பட்டது. குடும்பத்தில் ஒருவர் கல்யாணம் செய்து வம்சத்தை வளர்ப்பார், இன்னொருவர் துறவு பூண்டு பட்டத்துக்கு வருவார். பெரிய அறிஞரான சாக்ய பண்டிதரிடமிருந்து (1182–1251) பொறுப்பு அவருடைய தம்பி மகன் பக்பாவுக்குப் போனது. அந்தப் பக்பாதான் பின்னால் மங்கோலியப் பேரரசர் குப்லாய் கானின் குருவானவர்.

மேலே போட்ட மரபணுக் கணக்கோடு இதைச் சேர்த்துப் பாருங்கள். சக்தியுள்ள துறவியின் தங்கைக்குச் சக்தி இல்லை. ஆனால் அவள் அதைச் சுமந்துகொண்டிருக்கும் வாய்ப்பு மூன்றுக்கு இரண்டு. (பெற்றோர் இருவரும் சுமப்பவர்கள், அவளிடம் வெளிப்படவில்லை என்றால் மெண்டலின் விதிப்படி அவ்வளவு.) மடத்துக்கு அவள் யாரோ. மடத்தின் எதிர்காலமோ அவள் வயிற்றில். இதற்கு மேல் ஒரு தாய்மாமன் வேறு! தமிழில் கதை எழுதுகிறவருக்குத் தாய்மாமன் உறவின் எடையைச் சொல்லித் தர வேண்டியதில்லை. தங்கை வீட்டு வாசலில் மாமன் வந்து நிற்கிறார், கையில் சீர்வரிசை இல்லை, சோதனைக்கான மணிக்கோல். 'அண்ணா, சாப்பிட்டுட்டுப் போங்க' என்று அவள் சமையலறைக்குள் போகிறாள். பையனைக் கொல்லைப்பக்கம் அனுப்பத்தான் போகிறாள் என்று அவருக்கும் தெரியும். அவர் தடுக்கவில்லை. இலை போடும் சத்தம் கேட்கும்வரை காத்திருக்கிறார்.

யாருக்கு வேண்டுமானாலும்

இதில் பேச அதிகம் இல்லை. சக்தி எந்தக் குடிசையிலும் பிறக்கலாம், எந்த மாளிகையிலும் பிறக்காமல் போகலாம். வாசகர் ஒவ்வொருவரும் தன்னை உள்ளே வைத்துப் பார்க்க முடியும் என்பது இதன் பெரிய பலம், 2017 படத்தின் துடைப்பச் சிறுவன் அதற்காகத்தான். துறவு விதிக்கும் இதற்கும் உரசலே இல்லை. மடம் ஆயிரம் ஆண்டு ஓடும், கணக்குப்பிள்ளை தேவையில்லை.

குறை என்னவென்றால், இங்கே குடும்பத்துக்குக் கதையில் வேலை குறைவு. குழந்தையை ஒப்படைக்கும் காட்சி ஒன்று உருக்கமாக அமையும், அதற்குப் பிறகு பெற்றோர் மறைந்துவிடுவார்கள். அடுத்த தலைமுறையைப் பற்றி வாசகருக்கு எந்த எதிர்பார்ப்பும் பதற்றமும் இருக்காது. மடத்தின் அதிகாரம் தேடுபவர்கள் கையில் குவியும்: எந்த ஊருக்குப் போவது, எந்தச் சேரிக்குள் நுழையாமல் வருவது என்பதை முடிவு செய்பவர்கள் அவர்கள். 'சேரியில் சக்தி பிறப்பதே இல்லை' என்று மடம் முந்நூறு ஆண்டுகளாக நம்பிக்கொண்டிருக்க, உண்மையில் அங்கே யாரும் தேடவே இல்லை என்றால்? இந்த வழியைத் தேர்ந்தெடுத்தால் இப்படி ஏதாவது செய்யுங்கள். இல்லாவிட்டால் இது வெறும் லாட்டரிச் சீட்டாகத் தங்கிவிடும்.

பயிற்சியால் மட்டும்

ரத்தம், பயிற்சி, வெளியாள் என்ற மூன்று கேள்வியையும் ஒரே குருவைச் சுற்றி வைத்துக் காட்டிய கதை நம்மிடமே இருக்கிறது. துரோணருக்கு அஸ்வத்தாமன் மகன், அர்ஜுனன் சீடன், ஏகலைவன் அவர் சேர்த்துக்கொள்ளாத வெளியாள். போரின் முடிவில் அஸ்வத்தாமனும் அர்ஜுனனும் ஒருவரையொருவர் நோக்கிப் பேரழிவு அஸ்திரத்தை ஏவுகிறார்கள். முனிவர்கள் குறுக்கே வந்து திரும்பப் பெறச் சொல்ல, அர்ஜுனன் திரும்பப் பெறுகிறான். மகனால் முடியவில்லை. ஏவத் தெரிந்தவனுக்கு அடக்கத் தெரியவில்லை. அப்பாவின் பாசம் எவ்வளவு கொடுத்தது, எங்கே நின்றுபோனது என்பதை இந்த ஒரு காட்சியே சொல்லிவிடுகிறது. ஏகலைவன் மண் பொம்மையை வைத்தே கற்றுக்கொண்டான். அப்படிக் கற்க முடியும் என்றானபின் குருகுலத்துக்கு என்ன மரியாதை? கட்டைவிரல் கேட்கப்பட்டதன் பின்னணியில் இதுவும் இருக்கலாம்.

பயிற்சியால் யாருக்கும் வரும் என்றால் மடத்தின் பயம் ரத்தம் கலப்பது பற்றி இருக்காது, ரகசியம் கசிவது பற்றி இருக்கும். ஏடு திருடுபோவது, பாதியில் ஓடிப்போன சீடன் அடிவாரத்தில் பள்ளி திறப்பது, தவறாகக் கற்றவன் கையில் சக்தி பாதியாக நிற்பது என்று கதைகள் அந்தத் திசையில் ஓடும். 2023இல் வந்த 'அஹ்சோகா' என்ற ஸ்டார் வார்ஸ் தொடரில், பிறவித் திறமை கிட்டத்தட்ட இல்லாத சபீன், தொடர் முழுக்கத் தட்டுத்தடுமாறி முடிவில் தன் வாளைக் கைக்கு வரவழைக்கிறாள். சில ரசிகர்களுக்கு அது பிடிக்கவில்லை. எல்லோருக்கும் வரும் என்றால் தேர்ந்தெடுக்கப்பட்டவன் என்ற கிறக்கம் போய்விடுகிறதே.

எனக்கு இதில் உள்ள தயக்கம் வேறு. யாருக்கும் வரும் என்றால் உலகில் எல்லோரும் ஏன் கற்றுக்கொள்ளவில்லை? இதற்கு எழுத்தாளர் நல்ல பதில் வைத்திருக்க வேண்டும். இருபது ஆண்டு ஆகும், பத்தில் ஏழு பேர் பாதியில் செத்துப்போவார்கள், ஏதோ ஒரு புலனை இழக்க வேண்டும் என்று விலை ஏதாவது. விலை சொல்லாத பயிற்சி நம்ப முடியாது.

கைமாற்றிக் கொடுப்பது

தீட்சையில் கைமாறும் சக்தி, வாளிலோ மணிமாலையிலோ தங்கும் சக்தி, மறுபிறவியில் தொடரும் சக்தி என்று இதில் பல வகை. துறவிகளுக்கு மிகப் பொருந்துவது மறுபிறவி, ஏனென்றால் கல்யாணம் செய்யாத மடங்களின் வாரிசுச் சிக்கலுக்கு திபெத் கண்ட விடை அது. கர்மாபா என்ற பௌத்த குருக்களின் வரிசையில் தொடங்கி, இறந்த குருவின் மறுபிறவிக் குழந்தையைத் தேடிக் கண்டுபிடிக்கும் முறை அங்கே வேரூன்றியது.

அந்த முறையின் பலவீனமும் வரலாற்றில் பதிவாகியிருக்கிறது. குரு இறந்து, குழந்தை பிறந்து, கண்டுபிடித்து, வளர்ந்து ஆளாகும்வரை இருபது ஆண்டுகள் இடைக்காலப் பொறுப்பாளர்கள் கையில் அதிகாரம் இருக்கும். 19ஆம் நூற்றாண்டில் 9 முதல் 12 வரையிலான நான்கு தலாய் லாமாக்களும் 22 வயதை எட்டாமலே இறந்தார்கள். ஏன் என்று அப்போதிருந்தே ஊகங்கள் ஓடிக்கொண்டிருக்கின்றன. எழுத்தாளருக்கு ஊகமே போதும். சக்தி ஒரே ஆளிடம் இருந்து ஒரே ஆளுக்குப் போகும் மடத்தில், குழந்தை வளர்வதை விரும்பாதவர்கள் எப்போதும் ஒரு சிலர் இருப்பார்கள்.

சாய்வு இருக்கட்டும், சட்டம் வேண்டாம்

நான் ஒரு மடத்தைக் கட்டுவதாக இருந்தால் சுத்த ரத்தத்தையும் சுத்தப் பயிற்சியையும் விட்டுவிட்டு, இரண்டும் கலந்த ஒன்றைத் தேர்ந்தெடுப்பேன். எந்தத் துணையும் இல்லாமல் ஒரு ஸ்வரத்தைக் கேட்ட மாத்திரத்தில் இன்னதென்று சொல்லும் திறமை சிலருக்கு உண்டு. அது சில குடும்பங்களில் கூடுதலாகக் காணப்படுகிறது. ஆனால் ஆறேழு வயதுக்கு முன்பே இசைப் பயிற்சி தொடங்கியவர்களிடம்தான் பெரும்பாலும் மலர்கிறது. நாட்டம் பிறப்பில் வருகிறது, ஜன்னல் குழந்தைப் பருவத்தில் மூடிக்கொள்கிறது. போர்த்துறவி மடத்துக்கு இதைவிடப் பொருத்தமான மாதிரி எனக்குத் தெரியவில்லை. மடம் ஏன் கைக்குழந்தைகளைக் கேட்கிறது, ஒன்பது வயதுப் பையனை ஏன் 'வயதாகிவிட்டது' என்று திருப்பி அனுப்பப் பார்க்கிறது, ஏன் சில வம்சங்களில் சக்தி திரும்பத் திரும்பத் தலைகாட்டுகிறது, ஏன் இரட்டையரில் ஒருத்தி மட்டும் சாதாரணமாக வாழ்ந்துவிட்டாள் என்று எல்லாவற்றுக்கும் இது இடம் கொடுக்கும். நாட்டம் ஊர் முழுக்கச் சிதறிக் கிடப்பதால் துறவு விரதமும் மடத்தைச் சட்டென்று கொன்றுவிடாது.

ஒரு குடும்பத்தின் மூன்று தலைமுறைக் கதையை எழுதுபவர் மட்டும் இதைக் கேட்க வேண்டாம். அவர் ரத்தத்தையே எடுத்துக்கொள்ளலாம், கல்யாணத்தையும் அனுமதித்துவிடலாம். பத்து பாகம் ஓடும் நெடுந்தொடர் எழுதுபவருக்குச் சுத்த ரத்தம் ஆபத்து. மூன்றாம் பாகத்துக்குள் பிரபஞ்சத்தில் முக்கியமானவர்கள் எல்லோரும் சம்பந்திகள் ஆகிவிடுவார்கள்.

எந்த விதியைத் தேர்ந்தெடுத்தாலும் அதைக் கதையில் அச்சிட்டுக் காட்ட வேண்டாம் என்பது என் அடுத்த யோசனை. 20,000 என்ற எண்ணை ஒருமுறை சொல்லிவிட்டால், அதன்பின் வரும் ஒவ்வொருவருக்கும் வாசகர் எண் கேட்பார். விதி உங்கள் குறிப்பேட்டில் இருக்கட்டும். பாத்திரங்கள் ஆளுக்கு ஒன்றை நம்பட்டும், அவர்களில் சிலர் தப்பாகவே நம்பட்டும்.

எண்ணுக்குப் பதிலாக அடையாளம் வையுங்கள். பரசுராமர் கர்ணனின் மடியில் தலை வைத்துத் தூங்குகிறார். ஒரு வண்டு கர்ணனின் தொடையைத் துளைக்கிறது. குரு விழித்துவிடக் கூடாதே என்று அவன் அசையவில்லை. ரத்தம் பட்டு விழித்தவர், இவ்வளவு வலியை ஓர் அந்தணன் தாங்க மாட்டான், நீ க்ஷத்திரியன் என்று கண்டுபிடித்துவிடுகிறார். பொய் சொல்லிச் சேர்ந்த சீடனுக்குச் சாபம் கிடைக்கிறது. அவனோ தன்னைத் தேரோட்டி மகன் என்றே நினைத்துக்கொண்டிருக்கிறான், அதையே சொல்லி மன்னிப்பும் கேட்கிறான். தன் பிறப்பைப் பற்றி அவன் அறியாததை அவன் தொடை குருவுக்குச் சொல்லிவிட்டது. குருவுக்கு ஒரு பாதி தெரியும், சீடனுக்கு வேறொரு பாதி தெரியும், கேட்டுக்கொண்டிருக்கும் நமக்குத்தான் முழுதும் தெரியும். உங்கள் மடத்தின் சோதனைக் காட்சியை எழுதும்போது, அந்த அறையில் யாருக்கு எவ்வளவு தெரியும் என்று முதலில் ஒரு தாளில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.